டைப் 1 சர்க்கரை நோய் என்று குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

குழந்தைக்கு டைப் 1 இருப்பது பல வீடுகளில் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில்தான் தெரியவருகிறது. இரண்டு மூன்று வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கும், இரவில் பாயை நனைத்திருக்கும், சட்டை தொளதொளத்திருக்கும். வாந்தியும் மூச்சிரைப்பும் வந்தபின் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். ட்ரிப்ஸ் ஏறிக் குழந்தை கண் விழித்துப் பார்க்கும்போது கையில் ஊசி, மணிக்கொரு தரம் விரல் குத்து, அழுத முகத்தோடு அம்மா, வாசலில் கூட்டமாக உறவினர். யாரும் எதுவும் சொல்லாவிட்டாலும் ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்பது அதற்குத் தெரிந்துவிடும். நாம் சொல்லாமல் விட்ட இடத்தைக் குழந்தை தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும். அது பெரும்பாலும் உண்மையைவிடப் பயங்கரமாகத்தான் இருக்கும்.

இந்தக் கட்டுரை எப்படிப் பேசுவது என்பதைப் பற்றியது. இன்சுலின் அளவு, உணவுக் கணக்கு எல்லாம் உங்கள் டாக்டர் எழுதித் தந்த தாளின்படிதான்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரே விதி: பிறகு மாற்றிச் சொல்ல வேண்டிவரும் எதையும் இன்று சொல்லாதீர்கள். "ரெண்டு வாரத்துல சரியாயிடும்", "வலிக்கவே வலிக்காது", "இன்னிக்கு ஒரு ஊசியோட முடிஞ்சுது". மூன்றும் பாசத்தில் வருகிற வார்த்தைகள். மூன்றும் பொய் என்று ஒரு வாரத்தில் குழந்தை கண்டுபிடித்துவிடும். நான்காவதாக நீங்கள் சொல்லப்போகும் உண்மையையும் அது நம்பாது.

பேசுவதற்கு முன்

குழந்தை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிற நிலைக்கு வரட்டும். அதற்குள் அம்மாவும் அப்பாவும், அல்லது வீட்டில் பொறுப்பான இரண்டு பேர், தனியாக உட்கார்ந்து எந்த வார்த்தைகளில் சொல்வது என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டாலும் தப்பில்லை. அம்மா "இது எப்பவும் இருக்கும்" என்றும், அப்பா "கேரளாவுல ஒரு வைத்தியர் இருக்காராம்" என்றும் சொன்னால், குழந்தை அப்பா சொன்னதையே பிடித்துக்கொள்ளும்.

கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று கிசுகிசுப்பதையும் அன்றோடு நிறுத்துங்கள். தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு எல்லாம் கேட்கும்.

அடுத்தது பெயர். "சுகர் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் நம் ஊரில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு சுகர் தெரியும். சர்க்கரை போடாத டீ குடிக்கும் தாத்தாவின் சுகர், காலில் புண் ஆறாமல் விரலை எடுத்த பெரியப்பாவின் சுகர். அது டைப் 2. இன்சுலின் சுரந்தும் உடல் அதைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ள முடியாத நிலை. டைப் 1-இல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களையே உடலின் எதிர்ப்புச் சக்தி அழித்துவிடுகிறது. காரணமும் வேறு, மருத்துவமும் வேறு. அதனால் முதல் நாளிலிருந்தே "டைப் ஒன்" என்றே சொல்லுங்கள். "தாத்தாவுக்கு இருக்கிறது வேற, உனக்கு இருக்கிறது வேற" என்று குழந்தை கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் பேச்சு: ஐந்து நிமிடம் போதும்

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டாம். இதே விஷயத்தை வரும் வருடங்களில் ஐம்பது தடவை பேசுவீர்கள். கட்டிலில் குழந்தையின் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். ஏழெட்டு வயதுக் குழந்தை என்றால் பேச்சு இந்த மாதிரி போகலாம்:

"கண்ணா, உனக்கு ஏன் இவ்வளவு தாகம் எடுத்துச்சு, ஏன் சோர்ந்து போனேன்னு டாக்டர் கண்டுபிடிச்சுட்டாங்க. அதுக்குப் பேரு டைப் ஒன் டயபடிஸ். நாம சாப்பிடுற சாப்பாடு வயித்துக்குள்ள போய் சர்க்கரையா மாறி ரத்தத்துல ஓடும். அது உடம்புக்குள்ள போய்ச் சேர இன்சுலின்னு ஒண்ணு வேணும். உன் உடம்பு அதைச் செய்யுறதை நிறுத்திடுச்சு. அதனால நாம வெளியிலிருந்து ஊசியா போடுறோம். இன்சுலின் போட்டா நீ விளையாடலாம், ஸ்கூலுக்குப் போகலாம், வளரலாம்."

புரியவில்லை என்றால் தண்ணீர் லாரியை உதாரணமாகச் சொல்லலாம். தெருவில் லாரி வந்து தண்ணீரைக் கொட்டுகிறது, ஆனால் வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கிறது. தெருவெல்லாம் வெள்ளம், வீட்டுக்குள் குடிக்கச் சொட்டு இல்லை. இன்சுலின்தான் அந்தக் கதவுக்குச் சாவி. ரத்தத்தில் சர்க்கரை கூடிக் கிடந்தும் உடம்பு ஏன் இளைத்தது என்பது இதில் குழந்தைக்கே விளங்கிவிடும். "சாவியை யாரு தொலைச்சா?" என்று கேட்டால், "யாரும் தொலைக்கலை. சாவி செய்யுற பட்டறையை உடம்போட காவல்காரங்களே ஆள் தெரியாம அடிச்சு உடைச்சுட்டாங்க" எனலாம். ஆறு வயதுக்குக் கீழே இந்தக் காவல்காரர் கதை வேண்டாம். உடம்புக்குள் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று ராத்திரி தூங்காது.

குழந்தை கேட்காவிட்டாலும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் நீங்களாகச் சொல்ல வேண்டியவை மூன்று. இது உன் தப்பு இல்லை: சாக்லேட் சாப்பிட்டதால் வரவில்லை, பொய் சொன்னதால் வரவில்லை, சாமி தண்டிக்கவும் இல்லை. இது தொற்று இல்லை: தம்பியோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம். இதை நீ தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை: ஊசியும் கணக்கும் எங்கள் வேலை.

முதலாவதை மட்டும் அடுத்த சில வாரங்களில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளுக்குத் தான் செய்த ஏதோ ஒன்றால்தான் எல்லாம் நடக்கிறது என்ற எண்ணம் இயல்பு. "நான் ஒழுங்கா சாப்பிடுறேன், ஊசியை நிறுத்திடுவீங்களா?" என்று கேட்டால் நோயைத் தண்டனையாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாக் குழந்தையும் தலையாட்டும். "பாட்டி போன் பண்ணினா உனக்கு என்னன்னு சொல்லுவே?" என்று கேளுங்கள். அது சொல்லும் பதிலில் எது தப்பாகப் பதிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வயதுக்கு ஏற்ப

மூன்று, நான்கு வயதில் விளக்கத்தைவிட ஒழுங்குதான் பேசும். "முதல்ல விரல், அப்புறம் ஊசி, அப்புறம் தோசை" என்று தினமும் அதே வரிசை, அதே இடம். பொம்மைக்கு ஊசி போட்டு விளையாட விடுங்கள், ஊசியில்லாத சிரிஞ்சு போதும். ஒன்பது, பத்து வயதில் "ஏன்" என்பது பெரிதாகும். கணையத்தின் படத்தைக் காட்டலாம், மீட்டரில் எண் பார்க்கச் சொல்லலாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் நீங்கள் சொல்வதற்கு முன்பே செல்போனில் தேடியிருக்கும். "என்ன படிச்சே?" என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஊசியைப் பற்றிச் சொல்லும்போது

ஒரு நாளைக்கு நான்கு என்றால் வருடத்துக்கு 1460 ஊசி. இதில் ஏமாற்று வேலை நீடிக்காது. "சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுடும்" என்று சொல்லிவிட்டு உண்மையாகவே சேர்ந்து எண்ணுங்கள். பேனா வடிவ இன்சுலின் ஊசியை மருந்து இறங்கியபின் பத்து நொடி அப்படியே பிடிக்க வேண்டும் என்பதால் இந்த எண்ணிக்கைக்கு வேலையும் இருக்கிறது. பேனாவில் மாட்டும் 4 மில்லிமீட்டர் ஊசியைப் பக்கத்தில் ஒரு அரிசி மணியை வைத்துக் காட்டுங்கள். மணியைவிடச் சின்னது என்று பார்த்தால் பாதி பயம் போகும்.

"ஊசி போட்டுக்கலாமா?" என்று கேட்காதீர்கள். "வேண்டாம்" என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? "வயித்துலயா, தொடையிலயா?" என்று கேளுங்கள். குழந்தைக்குத் தேர்வு கிடைக்கும், ஊசியும் நடக்கும். ஆனால் வலிக்காத இடம் என்று தினமும் ஒரே இடத்தைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கொழுப்பு தடித்துக் கட்டியாகும், வலி குறைவாக இருக்கும், இன்சுலின் சரியாக உறிஞ்சப்படாது. அதையும் காரணத்தோடு சொல்லுங்கள்.

தூங்கும்போது தெரியாமல் ஊசி போடுவது எளிது போலத் தோன்றும். விழித்துக்கொண்ட குழந்தை அடுத்த நாளிலிருந்து தூங்கவே பயப்படும். நடுராத்திரியில் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தால், "ராத்திரி ஒரு தடவை வந்து விரல்ல பார்ப்பேன், நீ தூங்கலாம்" என்று படுக்கும்போதே சொல்லிவையுங்கள். "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோமே, அது இந்த வீட்டில் இனி யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வருகிற விருந்தாளி சொன்னாலும் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

அது கேட்கப்போகும் கேள்விகள்

"எப்போ சரியாகும்?" இதுதான் முதலில் வரும். "இப்போதைக்கு இதைச் சரியாக்குற மருந்து இல்லை. இன்சுலின் போட்டு நல்லா வச்சுக்கலாம். உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க." இதற்கு மேல் வாக்குக் கொடுக்க வேண்டாம். குழந்தை அழுதால் அழட்டும். "அழாதே, தைரியமா இரு" என்பதைவிட "கோபமா வருதா? எனக்கும் வருது" என்பது மேல்.

"நான் செத்துப் போயிடுவேனா?" கேட்டவுடன் வாயைப் பொத்தாதீர்கள். "இன்சுலின் இல்லாத காலத்துல இது ரொம்ப ஆபத்து. இப்போ இன்சுலின் இருக்கு. அதைப் போட்டுக்கிட்டுப் பெரியவங்களாகி வேலைக்குப் போய்க் கல்யாணம் பண்ணினவங்க நிறையப் பேர் இருக்காங்க. அதனாலதான் ஊசியை ஒரு நாளும் விடுறதில்லை." கொஞ்சம் பெரிய குழந்தைக்கு ஒரு வரலாறு சொல்லலாம். 1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் லியனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் உலகில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தப்படுத்தி இரண்டு வாரத்துக்குள் மறுபடி போட்டபோது பிழைத்துக்கொண்டான். பதிமூன்று வருடம் கழித்து நிமோனியாவில் இறந்தான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதைக் குழந்தை தேடிக் கண்டுபிடித்துவிட்டு, நீங்கள் மறைத்ததாக நினைக்கும். நூறு வருடத்துக்கு முந்தைய இன்சுலினுக்கும் இன்றைக்கு உள்ளதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்பதையும் சொல்லுங்கள். விளையாட்டுப் பிள்ளை என்றால் டென்னிஸ் வீரர் ஸ்வெரெவ்வைக் காட்டுங்கள். நான்கு வயதில் டைப் 1 வந்தவர், டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் தங்கம் வென்றார்.

"இனிமே ஸ்வீட்டே கிடையாதா?" உண்டு. வேளாவேளைக்கு உணவுக்கு ஏற்ப இன்சுலின் போடும் குழந்தை, சொல்லிவிட்டு, கணக்குப் பார்த்துவிட்டு, சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடலாம். காலை மாலை கலப்பு இன்சுலின் மட்டும் போடுகிற குழந்தைக்கு இந்தத் தாராளம் குறைவு. எவ்வளவு, எப்போது என்று டாக்டரிடம் கேட்டுவையுங்கள். தீபாவளிக்கு வீடே அதிரசம் தின்ன, இந்தக் குழந்தைக்கு மட்டும் வெள்ளரிக்காய் என்றால் அது பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து தின்னப் பழகும். ஒளிந்து தின்பதற்கு இன்சுலின் கணக்கு இருக்காது.

"தங்கச்சிக்கும் வருமா?" பெரும்பாலும் வராது. கூடப் பிறந்தவர்களில் 100-க்கு 5, 6 பேருக்கு வரலாம். இந்தக் கேள்வியைத் தங்கச்சியும் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பாள். அவளிடமும் தனியாகப் பேசுங்கள்.

தேனிலவைப் பற்றி முன்கூட்டியே

இதைச் சொல்லாமல் விடுவதால் வரும் கேடு பெரிது. இன்சுலின் ஆரம்பித்துச் சில வாரங்களில் பல குழந்தைகளுக்குக் கணையத்தில் மிஞ்சியிருக்கும் செல்கள் கொஞ்சம் தலையெடுக்கும். ஊசியின் அளவு மளமளவென்று குறையும். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில மாதம் நீடிக்கும், சிலருக்கு அதற்கும் மேல். அப்போதுதான் யாரோ தந்த சிறுகுறிஞ்சான் பொடியோ நாவல்கொட்டைப் பொடியோ வேலை செய்கிறது என்று வீடே நம்பும். ஊசியை நிறுத்துவார்கள். சில நாளில் குழந்தை, இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வந்து மறுபடி ஐசியூவில் கிடக்கும்.

ஆகவே அளவு குறையத் தொடங்கும் முன்பே: "கொஞ்ச நாள் ஊசி அளவு குறையும். சரியாயிடுச்சுன்னு தோணும். ஆனா சரியாகலை, மறுபடி ஏறும். அப்போ அது உன் தப்பும் இல்லை." பாட்டியிடமும் சொல்லுங்கள்: "அத்தை, நீங்க பாசத்துலதான் பொடி தர்றீங்க. ஆனா டைப் ஒன்னுக்கு இன்சுலினை நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நீங்களும் அடுத்த தடவை கூட வாங்க, நேரா கேட்டுக்கலாம்." பெரியவர்களை ஒதுக்கிவைத்தால் பொடி திருட்டுத்தனமாகப் போகும். டாக்டர் முன்னால் உட்காரவைத்தால் அவர்களே காவல் நிற்பார்கள்.

மீட்டரில் எண் தெரிந்ததும்

280 என்று வந்தவுடன் உங்கள் முகம் என்ன ஆகிறது என்பதைத்தான் குழந்தை முதலில் பார்க்கும். "நல்ல சுகர், கெட்ட சுகர்" வேண்டாம். "ஏறியிருக்கு, இறங்கியிருக்கு" போதும். "என்ன தின்னே?" என்பது முதல் கேள்வியாக இருக்கும் வீட்டில் குழந்தை எண்ணை மாற்றிச் சொல்லும், நோட்டில் 130, 140 என்று தானே எழுதிவைக்கும். காய்ச்சல், பரீட்சைப் பயம், வளரும் வயது, வெயிலில் கெட்டுப்போன இன்சுலின், எதனாலும் ஏறலாம். "சரி, ஏறியிருக்கு. இப்போ என்ன பண்ணலாம்?" என்று அடுத்த வேலைக்குப் போங்கள். 250-க்கு மேலேயே நின்று, வாந்தி, வயிற்றுவலி அல்லது மூச்சிரைப்பும் இருந்தால் பேச்சுக்கு நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரி. சாப்பிடவில்லை என்பதற்காக இன்சுலினை அடியோடு நிறுத்தவும் கூடாது.

இறங்குவதைப் பற்றிக் குழந்தைக்கு மிகத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். 70-க்குக் கீழே போனால் 'இறக்கம்'. கை நடுங்கும், வேர்க்கும், கண் மங்கும், காரணமில்லாமல் அழுகை வரும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு அடையாளம் முந்திக்கொள்ளும். வந்து போனபின், "அப்போ உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டு அது சொல்லும் வார்த்தையையே வீட்டின் சங்கேத வார்த்தையாக வைத்துக்கொள்ளுங்கள். "கால் பஞ்சாயிடுச்சு" என்று குழந்தை சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் அதற்கு அர்த்தம் தெரிய வேண்டும். அப்படி இறங்கினால் பெரிய பிள்ளைக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது வழக்கம். சின்னக் குழந்தைக்கு எடைக்குத் தக்கபடி குறையும், அளவை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும் என்பதால் அந்த நேரத்துக்கு அது உதவாது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் மருந்தை டாக்டர் தந்திருந்தால் போட்டு, 108-ஐ அழைக்க வேண்டும். இந்தக் கடைசி வரி குழந்தைக்கு இல்லை, சுற்றியிருப்பவர்களுக்கு.

குழந்தைக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: "இறங்குற மாதிரி இருந்தா ஓடாதே, தனியா பாத்ரூமுக்குப் போகாதே, மிஸ் பாடம் நடத்திட்டிருந்தாலும் எழுந்து சொல்லு."

பள்ளிக்கூடமும் ஊர் வாயும்

டிஸ்சார்ஜ் ஆகிப் பள்ளிக்குப் போகும் முன் வகுப்பாசிரியர், பி.டி. மாஸ்டர், தலைமையாசிரியர் மூவரையும் நேரில் பாருங்கள். ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: நோயின் பெயர், இறக்கத்தின் அறிகுறி, என்ன கொடுப்பது, இரண்டு போன் எண்கள். வகுப்பில் தின்னவும், தண்ணீர் குடிக்கவும், கழிவறைக்குப் போகவும் கேள்வி கேட்காமல் விட வேண்டும். சிபிஎஸ்இ 2017-இலேயே டைப் 1 உள்ள பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் பொதுத்தேர்வு அறைக்குச் சிற்றுண்டி கொண்டுபோக அனுமதி தந்தது. வேறு வாரியப் பள்ளியில் தயங்கினால் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

நண்பர்களிடம் என்ன சொல்வது என்பதைக் குழந்தையே முடிவு செய்யட்டும், ஆனால் ஒரு வரியை வீட்டில் சொல்லிப் பழக்குங்கள்: "என் உடம்பு இன்சுலின் செய்யாது, அதனால ஊசி போட்டுக்கறேன். ஒட்டாது." சொல்லிவிட்டு விளையாடப் போய்விடலாம்.

பெண் குழந்தை உள்ள வீடுகளில் அடுத்த அறிவுரை உறவிலிருந்து தவறாமல் வரும்: "வெளியில சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு." அந்தப் பயம் ஒன்றுமில்லாததற்கு வந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்பது வயதுப் பெண்ணிடம் இதை மறை என்றால், விருந்தில் ஊசி போடாமல் சாப்பிடுவாள், பஸ்ஸில் போகும்போது சர்க்கரை இறங்கினாலும் வாயைத் திறக்க மாட்டாள். வேண்டியது இரண்டு பட்டியல். கட்டாயம் தெரிய வேண்டியவர்கள்: ஆசிரியர், நெருங்கிய தோழி, வேன் டிரைவர், அவளைப் பார்த்துக்கொள்ளும் உறவினர். மற்றவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் அவள் விருப்பம். விருப்பம் என்பது வேறு, வெட்கம் என்பது வேறு.

பதின்வயது

பத்து வயதில் தானே ஊசி போட்டுக்கொண்ட பிள்ளை பதினான்கில் விடும். ஏழு எட்டு வருடம் விடாமல் இதைச் செய்தால் யாருக்கும் சலிப்பு வரும். "பெரியவனாயிட்டே, நீயே பார்த்துக்கோ" என்று மொத்தமாகக் கை கழுவ வேண்டாம். ராத்திரி ஊசியை நீங்கள் போடுங்கள், அல்லது அது போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். உடம்பு இளைக்க வேண்டும் என்று இன்சுலினைக் குறைக்கும் பிள்ளைகளும் உண்டு. எடை குறைந்துகொண்டே போய் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ஏறிக்கொண்டே போனால் திட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மது, சிகரெட் பற்றியும், மாதவிலக்கு நாட்களில் சர்க்கரை ஏறி இறங்குவது பற்றியும் யாராவது பேசியாக வேண்டும். பல பிள்ளைகள் அதை அப்பா அம்மா முன்னால் கேட்காது. பன்னிரண்டு, பதிமூன்று வயதிலிருந்து ஒவ்வொரு தடவை பார்க்கப் போகும்போதும் டாக்டரிடம் பத்து நிமிடம் பிள்ளைக்குத் தனியாக ஒதுக்கச் சொல்லி நீங்கள் வெளியே வந்து உட்காருங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது, உள்ளே என்ன பேசினீர்கள் என்று வண்டியில் கேட்காதீர்கள்.